நான்காம் பாட்டில் சரிந்த இமை

"ஹலோ... ஆமா, மனோகரன்தான் பேசறேன். யாரு... நிவேதிதாவா? சுதாம்மா பொண்ணு. சொல்லும்மா... என்னது, அம்மா ஆஸ்பத்திரியிலயா?"

திருவேற்காட்டுக் கோயிலில் திங்கட்கிழமைப் பதிகக் குழுவைப் பாடவைத்துவிட்டு ஆட்டோவுக்காக நின்றிருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மறுகாதைத் துண்டால் பொத்திக்கொண்டார். ஒன்பது ஆண்டுகளாகக் குழுவில் பாடிய சுதாவை, மனதில் பக்தி குறைந்துபோயிற்று, இனி வரவேண்டாம் என்று பன்னிரண்டு பேர் முன்னிலையில் அவர் அனுப்பிவைத்தது போன திங்களன்று.

"தண்ணி முழுங்க முடியலையா... மூக்கு வழியா வந்துடுச்சா... ம்... ம்... வியாதி பேரு இன்னொரு தடவை சொல்லு... மயஸ்தீனியா. நரம்பு சொல்றது தசைக்குப் போய்ச் சேராதா... ஆமா... வேலை குடுக்கக் குடுக்கத் தசை ஓஞ்சுபோகும், ஓய்வு குடுத்தா கொஞ்சம் திரும்பி வரும்... கண்ணிமை, நாக்கு, தொண்டை... ஆமாம்மா, எல்லாம் தசைதானே. புரியுது."

புரிந்தது. புரிந்ததுதான் தாங்கவில்லை.

"எவ்ளோ நாளா இருக்குன்னு டாக்டர் கேக்கறாரா... நீ என்ன சொன்ன... நாலு நாளுன்னா... எனக்கு ஏதாவது தெரியுமாவா? எனக்கு... சளி புடிச்ச மாதிரி இருந்தாங்க, அவ்ளோதான்... இல்லம்மா, வேற ஒண்ணும் கவனிக்கல."

இறைவனைப் பாடி முடித்த ஈரம் காயுமுன்னே அதே நா பொய்யும் பாடிற்று. வாய் கசந்தது அவருக்கு.

"பூந்தமல்லியா? வேணாம்பா, நீ போ... உன்னைச் சொல்லலம்மா, ஆட்டோக்காரர். வச்சிடாத. நிவேதிதா, வச்சிடாத. நான் இப்ப சொன்னது பொய்.

"நாலு நாள் இல்லம்மா. ஆடி மாசத்துலேர்ந்து. மூணு மாசமாச்சு... ஆமா, எனக்குத் தெரியும். மொத மூணு பாட்டு கணீர்னு வரும். நாலாம் பாட்டுல குரல் மூக்குக்குப் போயிடும், இமை சரிஞ்சிடும். எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுதுன்னு ஒரு கண்ணைப் பொத்திகிட்டுப் படிச்சாங்க. சாமி முன்னாடி என்ன வேடிக்கைன்னு கேட்டேன்... ஆமாம்மா, நான்தான் கேட்டேன்.

"பதிகத்தைப் பாதியில விடறதில்ல, அது எங்க குழு வழக்கம். குரல் தேஞ்சா திரும்பவும் மொத பாட்டுலேர்ந்து பாடணும்... எல்லாருக்கும்தான். ஆனா அவங்களை... போன திங்கள் அஞ்சு தடவை... ஆமா. நிக்க வச்சு.

"கோவம் இருக்கட்டும்மா, இதைக் கேளு, டாக்டருக்கு வேணும். பத்து நிமிஷம் சும்மா உக்காந்தா குரல் திரும்பி வந்துடும். வாராவாரம் பாத்தேன்... ஏன் சொல்லலையா? அதை வச்சுத்தான் நடிக்கறாங்கன்னு முடிவு பண்ணேன்."

பூக்கடைக்கு முன்னால், ஈரப் படிக்கட்டென்றும் பாராமல் உட்கார்ந்தார்.

"திட்டிடும்மா... எழுதிக்கிட்டியா. ஆடி மாசம். சரி... அம்மாவா? அம்மா என்ன சொன்னாங்க... மனசுல பக்தி குறைஞ்சுபோச்சு, அதான் தொண்டை அடைக்குதுன்னா... சார் சொன்னது சரின்னா... அதனாலதான் டாக்டர்கிட்டயே வரமாட்டேன்னாங்களா... தனியா உக்காந்து பாடிப் பாத்தாங்களா... எவ்ளோ நேரம்... ஒரு வாரமாவா..."

துண்டின் நுனி அவர் வாய்க்குள் போயிருந்தது. எடுத்தார்.

"இல்லம்மா. அது வியாதி. அவங்க மேல ஒரு குறையும் இல்ல. நான் வந்து சொல்றேன்... வார்டு வாசல்ல நின்னே... சரி. வரல. நீ சொன்னா வரல. போனை அவங்க காதுல மட்டும் வை, ஒரே நிமிஷம். அவங்க பேச வேணாம், நான் மட்டும்... தூங்கறாங்களா... அப்ப முழிச்சதும்... நிவேதிதா... நீயே சொல்லிடு, சார் தப்பாச் சொல்லிட்டார்னு... ஹலோ... ஹலோ..."