கிருஷ்ணகிரிப் பேருந்தில் ஹரிணி

அவைக்குத் தலைமை தாங்கும் அருட்சகோதரி அவர்களே! ஆண்டு விழா மேடையை அலங்கரிக்கும் ஆன்றோர்களே! ஆலை வேலை முடித்து அப்படியே வந்து அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே! பிள்ளையை மடியில் கிடத்தியபடி என் பேச்சைப் பொறுத்துக்கொள்ளும் தாய்மார்களே! தமிழாசிரியன் சௌந்தரராஜனின் தாழ்மையான வணக்கம்.

ஹரிணியைப் பாராட்ட வந்தேன். ஆனால் அன்றைய அதிர்ச்சி இன்னும் என்னை விட்டு அகலவில்லை.

யார் இந்த ஹரிணி? ஊத்தங்கரைப் பெண். பெங்களூரில் பார்த்த மென்பொருள் வேலையை விட்டுவிட்டு, ஓசூரில் இந்தக் கிறித்தவத் தொண்டு நிறுவனத்தின் கணினிப் பிரிவுக்கு வந்தவர். "ஜெபம் பண்ற எடத்துல கம்ப்யூட்டருக்கு என்னம்மா வேல?" என்று அம்மா மாதேஸ்வரி கேட்டாராம். சிரியுங்கள், சிரியுங்கள்! சற்று நேரத்தில் அந்தச் சிரிப்பு உறைந்துவிடும்.

நிறுவனத்தின் காப்பகத்துக்கு ஒரு மாணவி வந்தாள். பெயர் சொல்ல மாட்டேன். பள்ளிச் சீருடையைக் கழற்றுமுன் கல்யாணப் பட்டுச்சேலை கட்டச் சொன்ன வீட்டிலிருந்து மீட்கப்பட்டவள். அவள் இங்கிருப்பது உறவுக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது.

ஒரு காலைப்பொழுது. அவளுக்கு இலக்கணம் நடத்திக்கொண்டிருக்கிறேன். வாசலில் ஒரு கார். அவளுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை பிரதாப்பும் அவள் தாய்மாமனும் இறங்குகிறார்கள். "புள்ள உள்ளதான் இருக்குது. அனுப்பி வைங்க" என்கிறார்கள். பிள்ளையின் கையிலிருந்த பேனா நழுவி விழுந்தது. யார் சொன்னது? காவலாளி சமையல்கார மாரம்மாவைப் பார்க்க, மாரம்மா என்னைப் பார்க்க, நான் காவலாளியைப் பார்த்தேன்!

ஹரிணி பிள்ளையிடம் மெல்ல விசாரித்தார். படிக்கக் கொடுத்த டேப்லெட்டில் தன் பழைய மின்னஞ்சலைத் திறந்திருக்கிறாள். அந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவனே பிரதாப்! கடவுச்சொல் அவனிடம் இருக்க, டேப்லெட் இருக்கும் இடத்தை அவன் செல்போன் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது! காட்டிக்கொடுத்தது மனிதரா? இல்லை ஐயா, இல்லை! அன்போடு நாம் கொடுத்த கருவி!

காவல்துறைக்குச் சொல்லியாயிற்று. அவர்கள் வருவதற்குள் வாசலில் ஆள் சேர்ந்துகொண்டே போனது. கணக்கை மூடிவிடச் சொன்னேன்.

"மூடுனா இங்கியே உக்காந்துக்குவாங்க சார். இந்த டேப்லெட் நகர்ந்தா பின்னாடியே வருவாங்க" என்றார் ஹரிணி.

நெடுஞ்சாலைக் காவலருக்கும் தகவல் சொல்லிவிட்டு, டேப்லெட்டோடு பின்வாசல் வழியே போய்க் கிருஷ்ணகிரிப் பேருந்தில் ஏறினார். தனியாக ஏறினார்! பிரதாப்பின் செல்போனில் டேப்லெட்டைக் காட்டிய புள்ளி நகர்ந்தது. வாசலில் நின்ற கூட்டம் அதன் பின்னால் பறந்தது. அந்த இடைவெளியில் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் சேர்த்தோம்.

சூளகிரியில் காரைக் குறுக்கே நிறுத்திப் பேருந்தில் ஏறினான் பிரதாப். "அவ எங்க?"

"நீங்க தேடிட்டு வந்தது இதத்தான்" என்று ஹரிணி டேப்லெட்டைக் காட்டினார். ஓங்கிய அவன் கையை, தகவல் கேட்டு அங்கே காத்திருந்த நெடுஞ்சாலைக் காவலர் பின்னாலிருந்து பிடித்தார்.

சபையோரே! விசாரணையில் தெரிந்ததைக் கேளுங்கள். பிரதாப்பும் மென்பொருள் பொறியாளன்! அதே படிப்பு, அதே தொழில், அதே பெங்களூரு! ஒருவன் கற்றது ஒரு குழந்தையை வேட்டையாட. ஒருத்தி கற்றது அந்தக் குழந்தையைக் காப்பாற்ற! கல்வியைக் கொடுத்தோமே, அதை யாருக்காகப் பயன்படுத்துவது என்று கற்றுக் கொடுத்தோமா?

அந்தத் திருமணம் நின்றது. பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறாள். கணினி அறிவியல் கேட்டு வாங்கிச் சேர்ந்திருக்கிறாள்.

இந்த மேடையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் ஹரிணியை எழுந்து நின்று வாழ்த்துங்கள், என் மக்களே! செவி கொடுத்த உங்களுக்கு என் நெஞ்சம் நிறைந்த நன்றி, வணக்கம்!