ஓக் மரத்தடியில் ஒரு வெள்ளைப் புள்ளி

கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி, உங்க நிழல் நான் வரைஞ்ச சதுப்புப் படத்து மேல விழுது. ஆங், அங்கதான். கடலை எடுத்துக்குங்க, அவிச்சதுதான், இன்னும் சூடா இருக்கு.

வாங்குறது இருக்கட்டும், மொதல்ல பாருங்க. கடல் தண்ணி ஏறும்போது ஒரு பச்சை, எறங்கும்போது ஒரு பச்சை, இந்தப் புல்லு சும்மாவே இருக்காது. எங்க வீட்டுக்காரரு இறால் புடிக்கிற ஆளு. லுவீனியா, புல்லுக்கு இத்தனை சட்டையாடின்னு கேலி பண்ணுவாரு. ஆனா வானத்துல நீலம் ஒரு துளி கூடிட்டா அவருதான் மொதல்ல கண்டுபுடிப்பாரு. என் படத்துக்கெல்லாம் அவருதான் நீதிபதி.

படத்துல மனுசங்க ஏன் இல்லையா? எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. டவுன்ல படக்கடை வச்சிருக்கிற அம்மாவும் இப்படித்தான். கறுப்புக்காரி வரைஞ்சா அதுல சங்கிலி, கண்ணீரு, பருத்திக் காடுன்னு ஏதாச்சும் இருக்கணுமாம். வெறும் புல்லும் வானமுமா கொண்டாறீங்களேன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஏன் தம்பி, அடிமைத்தனம் முடிஞ்ச கையோட எங்க ஆளுங்க ஒழைச்சு வாங்குன பூமி இது. நாங்க அண்ணாந்து வானத்தைப் பாத்து ரசிக்கக் கூடாதா?

உள்ள போய் வரையலாமேன்னா, விட மாட்டாங்களே. பாகம் பிரிக்காத பூமி; எங்க பங்காளி ஒருத்தன் அவன் பங்கை ஒரு கம்பெனிக்கு வித்தான், அவங்க கோர்ட்டுக்குப் போயி மொத்தத்தையும் ஏலத்துக்கு விட வச்சு எடுத்துக்கிட்டாங்க. இப்ப பாருங்க, உள்ள பூரா பணக்கார வீடுங்க, வாசல்ல எவ்வளவு பெரிய கேட்டு. காவலுக்கு நிக்கிற டெல்ராய் எங்க சித்தப்பா மகன்தான், என் கையால சாப்பிட்டு வளந்தவன். அக்கா, உள்ள குடியிருக்கிறவங்க யாராச்சும் உன் பேரைச் சொன்னாத்தான் விட முடியும்ங்கிறான். பாவம், அவன் பொழப்பு. உங்க வண்டிக் கண்ணாடியில அந்தக் கேட்டு ஸ்டிக்கரைப் பாத்ததாலதான் கடலையை நீட்டினேன். தப்பா எடுத்துக்காதீங்க.

எந்த வீடு? பெரிய ஓக் மரத்துக்குப் பக்கத்துலயா? அட, நல்ல எடம் தம்பி. காத்து பிச்சுக்கிட்டுப் போகும்.

ஆமா, என் எல்லாப் படத்துலயும் அந்த மரம் இருக்கும். அடியில இருக்கிற வெள்ளைப் புள்ளியா? கொக்குன்னு நெனச்சீங்களா? எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க, நானும் ஒண்ணும் சொல்றதில்ல. அது சங்கு. எங்க சனங்களைப் பொதைச்ச எடத்து மேல சங்கு வைப்போம். எங்க வீட்டுக்காரரு அங்கதான் படுத்திருக்காரு. எங்க வழக்கப்படி, அவரு கடைசியாக் குடிச்ச காப்பிக் கோப்பையும் பக்கத்துல வச்சேன். கேட்டு போட்டதுலேருந்து போக முடியலை. சங்கு நிமுந்திருக்கா, கவுந்து கெடக்கான்னு தெரியாமலே வரைஞ்சுக்கிட்டிருக்கேன்.

படத்தை நீங்களே வச்சுக்குங்க, காசெல்லாம் வேணாம். காலையில கேட்டுக்கு ஒரு போன் பண்ணி லுவீனியா வருவான்னு சொல்லிருங்க. இந்த நிலத்துக்காரின்னு சொல்லிராதீங்க, உள்ள விட மாட்டாங்க. விருந்தாளின்னே சொல்லுங்க.