இருபதும் அறுபதும்

— ஏம்மா டிரைவர், மலை ஏறும்போது இருபது கிலோமீட்டர் வேகத்துலதான் போயிருக்க. இங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல எல்லாம் தெரியுது.

— பனிமூட்டம் சார். பஸ்ல நாப்பது பேரு. றெக்கை கட்டியா பறக்க முடியும்?

— சரி, போனது போச்சு. போய்வர சராசரி நாப்பது காட்டலேன்னா இந்த ரூட்டே நம்ம கையை விட்டுப் போயிடும். இறங்கும்போது அறுபதுல வந்துடு. இருபதும் அறுபதும் எண்பது, அதுல பாதி நாப்பது. சிம்பிள்!

— டிரைவரம்மா, அந்த வளைவுங்கள்ல அறுபதா? டிக்கெட் குடுக்கிற நானே டிக்கெட் வாங்கிடுவேன்!

— பொறுங்க கண்டக்டரண்ணே. சார், போனை ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கேன், எல்லாருக்கும் கேக்குது. மலைப்பாதை இருபது கிலோமீட்டர். இருபதுல ஏற எவ்வளவு நேரம்?

— ஒரு மணி நேரம். இதெல்லாம் ஒரு கேள்வியா?

— போய்வர நாப்பது கிலோமீட்டர். சராசரி நாப்பதுன்னா மொத்தம் எவ்வளவு நேரம்?

— ஒரு மணி... நேரம்.

— அதை ஏறும்போதே தீர்த்தாச்சு. இறங்க ஒரு நிமிஷம்கூட மிச்சமில்ல. அறுபதுல வந்தாலும் இன்னும் இருபது நிமிஷம் ஆகும், சராசரி முப்பதுதான் வரும். உங்க நாப்பது வரணும்னா நான் கிளம்புறதுக்கு முன்னாடியே கீழ வந்து நிக்கணும்!

— பெரிய கணக்கு டீச்சரு! சொன்னதைச் செய். இல்லேன்னா சாவியை வெச்சுட்டு வீட்டுக்குப் போ.

— வெக்கிறேன் சார். மெதுவா உருட்டிக்கிட்டு வந்து, நாப்பது பேரையும் கீழ இறக்கிவிட்டுட்டு, உங்க மேஜை மேலயே வெக்கிறேன்.

— திமிரு! உனக்கு முன்னாடி இந்த வண்டியை ஓட்டினவன் எவ்வளவோ தேவல. அறுபதுன்னு சொன்னா அறுபது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டான்.

— யாரு சார், போன வருஷம் ஏழாவது வளைவுல உருண்டு செத்தாரே, அவரா?

— யோவ் கண்டக்டர்! அவன் தானா வேகமா ஓட்டித்தான்யா செத்தான். விசாரணையில அப்படித்தான் எழுதியிருக்கு.

— நீங்க இருங்க கண்டக்டரண்ணே. இப்பதானே சார் சொன்னீங்க, நீங்க சொல்லித்தான் அறுபதுன்னு? நாப்பது பேரு கேட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க.

— நீ... நீ அவனுக்கு யாரும்மா?

— அவனோட அக்கா. பள்ளிக்கூடத்துலயே ரெண்டையும் கூட்டிப் பாதியாக்குவான் சார், நான்தான் அடிச்சுத் திருத்துவேன். அன்னிக்கு மட்டும் நான் பக்கத்துல இல்ல.