கேலரிக்கு நீலம் அடிப்பவர்

— டீயா இது, பாயசமா? ஒங்க வீட்டுச் சீனி டப்பாவுக்கு அடி உண்டா இல்லையா ராதிகா?

— நாங்க இப்படித்தான் குடிப்போம் ஷஹீரா லாத்தா. எங்க நிலாவுக்கு இதுக்கு மேலயும் ஒரு ஸ்பூன் வேணும்.

— ஒங்கப்பா ஹெட்மாஸ்டராச்சே, அந்த வீட்டுப் பேத்தி கேக்கத்தான் செய்வா. சரி, இங்க வா. கர்ட்டனுக்குப் பின்னால நில்லு. நான் யாரைப் பத்தியும் பேசுறவ இல்ல, ஆனா அந்த ஆளு இன்னிக்கும் ஒன் பால்கனியைத்தான் பாக்குறான்.

— எந்த ஆளு?

— எதுத்தாப்புல ஸ்டேடியத்துல கேலரிக்கு நீலப் பெயின்ட் அடிக்கிறானே, தலையில துண்டு கட்டுன பெருசு. ஒரு பலகை அடிப்பான், நிமிந்து நாலாம் மாடியைப் பாப்பான். மறுபடி ஒரு பலகை, மறுபடி ஒரு பார்வை. இந்த லட்சணத்துல அடிச்சா ஸ்டேடியம் எப்ப தொறக்குறது?

— வெயிலுக்குக் கண்ணு கூசியிருக்கும் லாத்தா. சும்மா பாத்திருப்பாரு.

— பாத்திருப்பாரா? மரியாதை பலமா இருக்கே!

— வயசானவர்னு நீங்கதானே சொன்னீங்க. அது கிடக்கட்டும், எதுக்கு இப்ப அந்தப் பாழடைஞ்ச ஸ்டேடியத்தை ரிப்பேர் பண்றாங்க?

— பேச்சை மாத்துறே. இருந்தாலும் சொல்றேன். நான் கல்யாணமாகி கல்ஃபுக்கு, இந்த முவைலா ஏரியாவுக்கு வந்தப்ப அந்த எடம் வெறும் மணல்காடு. வெள்ளிக்கிழமையானா என் மாப்புளயும் அவர் சோட்டு ஆளுங்களும் அங்க கிரிக்கெட் ஆடுவாங்க. அப்புறம் வேலி போட்டு, இங்க கம்பெனியில இருந்த வெள்ளைக்காரங்க புள்ளைங்களுக்குன்னு பேஸ்பால் ஸ்டேடியம் கட்டுனானுவ. முத நாள் எங்களையும் சும்மா உள்ள விட்டான். அடிச்ச பந்து பின்னால பறந்துச்சு. என் மாப்புள ஃபோர்னு எழும்பி நின்னு கை தட்டுறாரு! அந்த ஆட்டத்துல பின்னால போனா ஒண்ணுமே கெடையாதாம். மொத்தக் கேலரியும் எங்களையே பாக்குது. நான் புர்காவுக்குள்ள இன்னொரு புர்கா தேடுனேன்.

— போங்க லாத்தா.

— அல்லா மேல ஆணை. அப்புறம் அந்தக் கம்பெனிக்காரங்க குடும்பத்தோட கெளம்பிட்டாங்க, புறா குடி வந்துச்சு. இப்ப ஏதோ சின்ன லீக்கு வருதாம். பெரிய லீக்குல எடம் கெடைக்காத பயலுவ ஆடுறது. அதுக்குத்தான் புது லைட்டு, புதுப் புல்லு, கேலரிக்கு நீலம். ஆச்சா? இப்ப விஷயத்துக்கு வா. வாட்ச்மேன் அஹ்சன்கிட்ட சொல்லி அந்தப் பெருசை மேல கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன்.

— எங்க? இங்கயா?

— பின்ன, பாக்குறது ஒன் வீட்டை, விசாரிக்கிறது என் வீட்டுலயா? ஒழுங்கா பதில் வரலைன்னா சைட் ஃபோர்மேன் காதுல போட்டுடுவேன். பொம்பளை இருக்குற வீட்டைப் பாத்தான்னு ஒரு வார்த்தை போதும். கலாஸ், கதை முடிஞ்சுது. விசாவை கேன்சல் பண்ணி ஊருக்கு ஃப்ளைட் ஏத்திடுவான்.

— ஐயோ, அப்படியெல்லாம் சொல்லிடாதீங்க லாத்தா!

— ஒனக்கு ஏன் பதறுது?

— பாவம்... எத்தனை பேரு அவரை நம்பி இருக்காங்களோ.

— பெல் அடிக்குது பாரு. நான் தொறக்குறேன், நீ போய் அந்த மனுசனுக்கும் ஒரு டீ போடு. திட்டுறதுன்னாலும் தொண்டை நனைஞ்ச ஆளைத் திட்டுறதுதான் முறை. வாங்க, உள்ள வாங்க. பேரென்ன?

— அழகுமலைங்க தாயி. உள்ள வேணாம், காலெல்லாம் பெயின்ட்டு. வாசல்லயே நிக்கிறேன்.

— என்ன இப்படி மூச்சு வாங்குது?

— உடுப்பு அழுக்கு, லிஃப்ட்டுல ஏறாதேன்னாரு வாட்ச்மேன் பாய். முட்டி வேற சொன்னபடி கேக்க மாட்டேங்குது.

— எந்த ஊரு?

— சிவகங்கைப் பக்கந்தாயி.

— அடியே ராதிகா, ஒங்க பக்கத்து ஆளுதான்!

— நாங்க... நாங்க மதுரை டவுன் லாத்தா.

— சரி பெரியவரே, சுத்தி வளைக்காம கேக்குறேன். எதுக்கு இந்தப் பால்கனியையே பாக்குறீங்க?

— தப்புத்தான் தாயி. அந்தக் கொடியில சின்னதா ஒரு மஞ்சக் கவுன் காயுது. எனக்கும் அந்த உசரத்துல பேத்தி ஒண்ணு இருக்கு. காத்துல கவுன் ஆடுறப்ப புள்ளையே வந்து நிக்கிறாப்புல இருக்கும். வேறொண்ணும் மனசுல இல்ல.

— பேத்தியைப் பாத்து ரொம்ப நாளாச்சோ?

— போன்ல பாக்குறதுதான். நேர்ல இன்னும் அமையல.

— டீ வந்தாச்சு. இப்படிக் குடுடி எனக்கும்... சீ, என்ன இது, சீனியே இல்லாம கஷாயம் மாதிரி?

— அது ஒங்களுக்கில்ல லாத்தா, அவருக்கு. ஒங்களுது இந்தக் கப்பு. இருங்க, அவருக்கு வேற ஊத்திட்டு வர்றேன்.

— எதுக்கு மேடம் செரமம்...

— இந்தாங்க. சூடா இருக்கு, பாத்து.

— ராதிகா, இது ஒன் வீட்டு விஷயம், நீயே சொல்லு. இவரை முன்ன பின்ன எங்கயாவது பாத்திருக்கியா?

— ...இல்ல லாத்தா.

— மேடத்துக்கு என்னைய எப்படித் தாயி தெரியும்? நான் லேபர் கேம்ப்புல கெடக்குற ஆளு. ஆனா இந்த ஸ்டேடியத்துக்கு என்னைய நல்லாத் தெரியும். மொதல்ல கட்டுனப்பவும் இங்கதான் வேலை. அப்ப பச்சை அடிச்சோம். எம் மக ஊருல பள்ளிக்கூடம் போயிக்கிட்டு இருந்துச்சு. நீ என்ன வேலை பாக்குறேப்பான்னு போன்ல கேட்டுச்சு. ஸ்டேடியம் கட்டுறேன் ஆத்தான்னேன். மறுநாள் வகுப்பு பூரா சொல்லிப்புட்டு வந்திருக்கு, எங்கப்பா ஸ்டேடியம் கட்டுறாருன்னு. அம்புட்டுப் பெருமை அதுக்கு.

— இப்ப எங்க இருக்கு மக?

— நல்ல எடத்துல இருக்கு தாயி. படிச்ச மாப்பிள்ளை.

— வந்து பாக்குமா அப்பாவை?

— குடும்பம், புள்ளைன்னு அதுக்கு ஆயிரம் சோலி. நாமதான் எடஞ்சலா இருக்கக் கூடாது.

— ராதிகா, எதுக்குடி கண்ணைத் தொடைக்கிறே?

— பெயின்ட் வாடை லாத்தா. எனக்கு ஆகாது.

— மன்னிச்சுக்கங்க மேடம், கெளம்பிட்டேன். இனிமே நிமிந்து பாக்க மாட்டேன். நாளையிலேருந்து அந்தப் பக்கத்துக் கேலரிக்கு மாத்திக்கிறேன், அங்கேருந்து இந்தக் கட்டடமே தெரியாது. டீ நல்லா இருந்துச்சுங்க. வர்றேன் தாயி.

— ...போயாச்சு. கதவைச் சாத்து. நான் ஃபோர்மேன்கிட்ட எதுவும் சொல்லப் போறதில்ல.

— நல்லது லாத்தா.

— ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்குறேன். அந்த மனுசனுக்குச் சர்க்கரை வியாதி இருக்குன்னு ஒனக்கு யாரு சொன்னா?

— என்ன கேக்குறீங்க?

— எனக்குப் பாயசம். அவருக்கு ரெண்டாவது தடவை ஊத்தினப்பவும் நீ சீனி டப்பாவைத் தொறக்கல. எங் காது அங்கதான் இருந்துச்சு. போடவா வேணாமான்னு நீ கேக்கல. வேணாம்னு அவரும் சொல்லல. ஏன் இனிப்பில்லைன்னு முகம் சுளிக்காம, நல்லா இருந்துச்சுன்னுட்டுப் போறாரு.

— லாத்தா... ஹெட்மாஸ்டர்னு ஒரு தடவை வாயில வந்துருச்சு. கட்டடம் பூரா எங்க வீட்டுக்காரரு ஆபீஸ் ஆளுங்க குடும்பம். அதுக்கப்புறம் எப்படி மாத்திச் சொல்றதுன்னு தெரியல. சொந்த வீட்டு வாசல்ல அவரை நிக்க வச்சுட்டேனே. நீங்க வெளியில யார்கிட்டயும்...

— நான் யாரைப் பத்தியும் பேசுறவ இல்ல. இன்னிக்குத்தான் அது நெசம்.

— நான் இப்ப என்ன லாத்தா பண்ணட்டும்?

— லிஃப்ட்டுல ஏத்தியிருக்க மாட்டானுவ, படியிலதான் எறங்குவாரு. அந்த முட்டிக்கு இன்னும் ரெண்டாம் மாடியைத் தாண்டியிருக்க மாட்டாரு. ஓடு. கட்டடம் பூரா கேக்குற மாதிரி அப்பான்னு கூப்பிடு.