பம்ப்பைக் காதால் கேட்டவர்

அமெரிக்காவின் பிஸ்கட்டவே ஊரில், இந்திய மளிகைக் கடையில் பில் போடும் வரிசை நகரவேயில்லை. எனக்கு முன்னால் இருவர்.

"ஸ்க்ரூடிரைவரைக் காதுல வெச்சு ஒரு வருஷமாச்சு" என்றார் ஸ்வெட்டர் போட்டவர்.

"காதுல எதுக்குங்க?" என்றார் மற்றவர்.

"நுனிய பம்ப் மேல வெச்சு, பிடியில காதை வெச்சா, உள்ள பேரிங் தேஞ்சிருந்தா சத்தத்துலயே தெரிஞ்சிடும். பிளான்ட்ல பன்னெண்டு பம்ப்புக்கும் தினம் ஒரு ரவுண்ட் போவேன். இப்ப எல்லாத்துலயும் வயர்லெஸ் சென்சார். டெஸ்க்லயே நம்பர் வந்துடுது."

"நல்லதுதானேங்க. யாரு மாட்டினா?"

"நான்தான்."

வரிசை கொஞ்சம் நகர்ந்தது.

"போன வாரம் சும்மா கேட்டுட்டு வரலாம்னு போனேன். என் பேட்ஜுக்கு பம்ப் ரூம் கதவு திறக்கல. உங்களுக்குத்தான் இங்க வேலையில்லையேன்னான் செக்யூரிட்டி."

"அப்புறம்?"

"வீட்டுக்கு வந்து ஸ்க்ரூடிரைவரை ஃபிரிட்ஜ் மேல வெச்சுக் கேட்டேன். நல்லாத்தான் ஓடுது."