பாதிரியார் இல்லாத கல்யாணம்

ஏவிஸ்: ...தேடி வந்தவன்கிட்ட என் புருஷன்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்லச் சொல்ற?

ஒஸ்பர்ட்: யாரை, என்னையா?

ஏவிஸ்: இல்ல, அந்தப் பன்னியை.

ஒஸ்பர்ட்: கூலிக்கு அறுக்க வந்தவன்னு சொல்லியிருக்கலாமே, ஏவிஸம்மா.

ஏவிஸ்: சொன்னா? பண்ணையாள் எவனும் ஊரை விட்டு நகரக்கூடாதுன்னு ராஜா சட்டம் போட்டிருக்காரு. அவன் உன் பேரைச் சொல்லித்தான் கேட்டான். கயித்துல கட்டி செவர்ன் ஆத்துக்கு அந்தப் பக்கம் உன் ஊருக்கே இழுத்துட்டுப் போயிருப்பான். மிச்ச கோதுமையை யார் அறுப்பா?

ஒஸ்பர்ட்: ஓ... கோதுமைக்காக.

ஏவிஸ்: பின்ன? கொள்ளைநோயில ஊர்ல பாதி குழிக்குள்ள கிடக்கு. ஒரு ஆள் கிடைக்கிறதே...

ஒஸ்பர்ட்: குதிரையில வந்தானா?

ஏவிஸ்: ஆமா. நீ ஓடைக்குப் போயிருந்தப்ப. நாளைக்குத் திரும்ப வருவானாம். ரெண்டு பேரும் வேதத்து மேல சத்தியம் பண்ணணுமாம்.

ஒஸ்பர்ட்: பொய்ச் சத்தியமா? நேரா நரகம்தான்.

ஏவிஸ்: அதைப் பொய்யா இல்லாம ஆக்கிட்டா...

ஒஸ்பர்ட்: பாதிரியாரே நோயில போயிட்டாரு.

ஏவிஸ்: பாதிரியார் எதுக்கு? ரெண்டு பேரும் வாயால சொன்னாப் போதும், திருச்சபையே ஒத்துக்கும். என் அக்காவும் அவ புருஷனும் மாட்டுக் கொட்டகையில நின்னு அப்படித்தான் சொல்லிக்கிட்டாங்க. கடைசி வரைக்கும் அது கல்யாணம்தான்.

ஒஸ்பர்ட்: சொன்னப்புறம் மாத்த முடியாது.

ஏவிஸ்: சாகுற வரைக்கும் முடியாது. வேணாம்னா இப்பவே கிளம்பு. ரொட்டி கட்டித் தர்றேன்.

ஒஸ்பர்ட்: இந்த ஊருக்கு வந்த அன்னிக்கு ஒவ்வொரு கதவாத் தட்டினேன். வெளியூர்க்காரன் மூச்சுல கொள்ளைநோய் இருக்குன்னு நாயை ஏவினாங்க. நீங்க ஒருத்திதான் கஞ்சி ஊத்தினீங்க.

ஏவிஸ்: புருஷனும் பிள்ளைங்களும் போனப்புறம் எனக்கு என்ன பயம்?

ஒஸ்பர்ட்: இருந்தாலும்... நான் நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல.

ஏவிஸ்: நரி தோண்டிப் போட்ட அவங்க குழியை, யாரும் கேக்காமலே கல் வச்சு மூடின. நானும்தான் ஒண்ணும் சொல்லல. சரி, பேச்சை வளக்காத. சொல்றியா, ஓடுறியா?

ஒஸ்பர்ட்: உங்களை என் பொண்டாட்டியா...

ஏவிஸ்: பொண்டாட்டியை எவன்டா 'உங்களை'ன்னு கூப்பிடுவான்?

ஒஸ்பர்ட்: ஏவிஸ்... உன்னை என் பொண்டாட்டியா ஏத்துக்கிறேன். இந்த நிமிஷத்துல இருந்து.

ஏவிஸ்: ஒஸ்பர்ட், உன்னை என் புருஷனா ஏத்துக்கிறேன். இந்த நிமிஷத்துல இருந்து. ...அவ்வளவுதான்.

ஒஸ்பர்ட்: உன் கையெல்லாம் கீறலா இருக்கு.

ஏவிஸ்: காலையில இருந்து கதிர் கட்டின கை. வேற எப்படி இருக்கும்?

ஒஸ்பர்ட்: அந்தக் குதிரைக்காரன்... யாரோட ஆள்னு சொன்னான்?

ஏவிஸ்: உன் பிரபுவோட ஆள்தான். வேற யாரு அனுப்புவா?

ஒஸ்பர்ட்: பிரபுவைப் புதைச்சதே நான்தான். அவரு காரியக்காரனையும். எங்க ஊர்ல கடைசியா மிஞ்சினவன் நான். என்னைத் தேட அங்க ஒரு உசிரு இல்ல.

ஏவிஸ்: ...அப்ப நான் புளுகினது உனக்கு முதல்லயே தெரியும்.

ஒஸ்பர்ட்: வாயைத் திறந்தப்பவே.

ஏவிஸ்: பாவி, அப்பவே சொல்றதுக்கு என்ன?

ஒஸ்பர்ட்: சொல்லியிருந்தா, 'சும்மாதான் சொன்னேன்'னு நீ சிரிச்சுட்டு அறுக்கப் போயிருப்பியே.