மிஃபுயுவுக்கு ஏற்ற கயிறு

பார்லித் தேநீர் ஆறிப்போனாலும் குடிக்கலாம். அதற்காக நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, ஹிரோசே சான். நேற்று என்னை விசாரித்த போலீஸ்காரர் காப்பி கொடுத்தார். எங்கே நடந்தது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்றே கேட்டுக்கொண்டிருந்தார். நீங்கள்தான் இந்தக் கயிற்றை மேசைமேல் வைத்து, "ஏன் இதை எடுத்தீங்க?" என்று கேட்டீர்கள். மேடையில் ஆளைக் கயிற்றால் கட்டிக் காட்டும் ஷிபாரிக் கலைஞனிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

பருத்திக் கயிறு கைக்கு இதமாக இருக்கும். ஆனால் பாரம் ஏற ஏற முடிச்சு இறுகிக்கொண்டே போகும். அவிழ்க்க நினைக்கும்போது அவிழாது. நைலான் வழுக்கும், வேகமாக இழுத்தால் தோலைச் சுட்டுவிடும். அதனால் சணல். கடையில் வாங்கியதை அப்படியே ஒருவர் உடம்பில் போடுவது மரியாதை இல்லை. வேகவைத்து, இழுத்துக் கட்டி உலர்த்தி, பிசிறுகளை அடுப்புத் தீயில் காட்டிப் பொசுக்கி, எண்ணெய் தடவிய உள்ளங்கையால் உருவிவிட வேண்டும். நன்றாகப் பழகிய கயிறு தோளில் விழும்போது சத்தமே கேட்காது. மிஃபுயுவுக்கென்று அப்படி ஒரு கட்டு வைத்திருந்தேன். வேறு யார்மேலும் அதைப் போட்டதில்லை.

அவள் தென்மா கடைத்தெருவில் ஓர் அழகு நிலையத்தில் முடி வெட்டிக்கொண்டிருந்தாள். தோழிகளோடு வேடிக்கை பார்க்க என் நிகழ்ச்சிக்கு வந்தவள், எல்லோரும் எழுந்து போன பிறகு என் முன்னால் வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"நாள் முழுக்க வர்றவங்க கதையெல்லாம் கேட்டு மண்டை கொதிக்குது. கட்டிப் போட்டா வாய் மூடுதான்னு பாப்போம்."

"யாரோட வாய்?"

"உள்ளே ஒண்ணு ஓயாம பேசிக்கிட்டே இருக்கே, அதோடது."

கட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு நிதானமானது. கண்ணோரம் நனைந்திருந்தது. அவிழ்த்துவிட்டதும் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, "பசிக்குது, நூடுல்ஸ் வாங்கிக் குடுப்பீங்களா?" என்றாள். அதற்குப் பிறகு மேடையில் என்னோடு அவள்தான். வீட்டிலும் அவள்தான்.

எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. "மரத்துப் போகுது" என்று அவள் சொன்னால், என்ன நடந்துகொண்டிருந்தாலும் நான் அவிழ்த்துவிட வேண்டும். வலி வேறு, மரத்துப்போவது வேறு. வலியை அவள் சில சமயம் விரும்பிக் கேட்பாள். மரத்துப்போனால் கயிறு நரம்பில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். கயிறு எங்கே அழுத்தக் கூடாது என்பதைத்தான் எங்கள் தொழிலில் முதலில் கற்றுக்கொடுப்பார்கள். அவள் சொல்லி நான் அவிழ்க்காத நாளே கிடையாது. அந்த ஒரு நாள்வரை கிடையாது. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வசந்தத்தில் ஓர் இரவு உணவின்போது அவள் சொன்னாள், ஒதாருவில் அத்தைக்குத் தெரிந்த ஓர் அம்மா தன் அழகு நிலையத்தை விடப் போகிறாராம், தான் அதை எடுத்து நடத்தப் போகிறாளாம். வடகோடியில் பனி கொட்டும் ஊர். ஜன்னலிலிருந்து கடல் தெரியுமாம். என்னைக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

"உங்களுக்கென்ன, குரி சான்? வேற ஆள் கிடைப்பாங்க. கயிறு அதேதானே," என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். அவள் யாரையும் புண்படுத்தத் தெரியாதவள்.

நான் சரி என்றேன். பெட்டி கட்டக்கூட உதவினேன். கத்தரிக்கோல்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றியது நான்தான். போவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை மேடையேறலாம் என்று அவளேதான் சொன்னாள்.

அதற்காகத்தான் இந்தக் கயிற்றைத் தேடினேன். தொட்டுப் பாருங்கள். வழக்கமானதைவிட மெல்லியது. முறுக்கு அதிகம். எண்ணெய் காட்டவே இல்லை. ஒல்லியான கயிறு பாரத்தைப் பரப்பாது. ஓரிடத்தில் கோடு போட்டது போல் இறங்கும். பார்வையாளர் பார்த்தால் வித்தியாசம் தெரியக் கூடாது என்பதற்காக நிறம் மட்டும் பழையதைப் போலவே ஏற்றினேன். நிறம் சரியாக வரவில்லை என்று இரண்டு கட்டுகளைத் தூக்கி எறிந்தேன். எந்த நிகழ்ச்சிக்கும் நான் அவ்வளவு சிரத்தை எடுத்ததில்லை.

அவள் தொட்டதுமே கண்டுபிடித்துவிட்டாள். "புதுசா? விறைப்பா இருக்கே."

"கடைசி நாள். அதான் புதுசு."

அவளுக்குச் சந்தோஷம். குனிந்து வணங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. வெளியே நல்ல மழை. அவள் கைகளைப் பின்னால் கட்டி, மேலே மூங்கிலில் கொடுத்துத் தூக்கினேன். பார்வையாளர்கள் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. அப்போதுதான் அவள் மெல்லச் சொன்னாள், "குரி சான், மரத்துப் போகுது."

"உங்களுக்குக் கேட்டுச்சா?" என்று இப்போது கேட்கிறீர்கள். கேட்டது. அவள் காதருகே குனிந்து, "இன்னும் கொஞ்சம்" என்றேன். மறுபடி சொன்னாள். அப்புறம், "குரி சான், நிஜமாத்தான் சொல்றேன்," என்றாள். அப்புறம் எதுவும் சொல்லவில்லை. கைதட்டல் ஓய்ந்ததும் அவசரப்படாமல் அவிழ்த்தேன். அவசரமாக அவிழ்த்தால் பார்க்க நன்றாக இருக்காது.

வலக்கை மணிக்கட்டிலிருந்து தொங்கிப்போயிருந்தது. மருத்துவர் நரம்பு என்றார். திரும்பி வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார். ஒதாரு அழகு நிலையம் வேறொரு பெண்ணுக்குப் போனது. சுற்றி வைத்த கத்தரிக்கோல்களை அவிழ்த்துப் பழைய இழுப்பறையில் வைத்தேன்.

அந்தக் கோடையை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது. தலை குளிப்பாட்டினேன். மீனில் முள் எடுத்துக் கொடுத்தேன். சட்டைப் பொத்தான் போட்டேன். மேடையில் எல்லோரும் பார்க்க அவளைத் தொட்ட கைகள், இப்போது யாரும் பார்க்காமல் தொட்டன. அவள் ஒருநாள் அழுதாள். "நான் விட்டுட்டுப் போறேன்னு சொன்னேன். நீங்க என்னை எப்படிப் பாத்துக்கிறீங்க," என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். மூங்கில் நழுவியதால்தான் இப்படி ஆனது என்று அவள் நம்பியிருந்தாள். நான் அப்படிச் சொல்லியிருந்தேன், உடனே அவிழ்த்திருந்தால் அவள் கீழே விழுந்திருப்பாள் என்றும்.

மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கியபோது ஒரு காலையில் சமையலறையிலிருந்து கத்தினாள். "ஓடி வாங்க! பாருங்க, பாருங்க!" கட்டைவிரல் அசைந்தது. அரிசிமணி அளவுக்குத்தான். அதைச் செய்ய முகமெல்லாம் வியர்த்திருந்தது. நான் பாராட்டினேன். சிவப்புப் பயறு சோறு பொங்கினேன், நல்லது நடந்தால் பொங்குவோம் அல்லவா. சாப்பிடும்போது அவள் ஒதாருவுக்குத் தொலைபேசியில் பேசப் போவதாகச் சொன்னாள், வேறு கடை ஏதாவது இருக்குமா என்று.

நீங்கள் என்னிடம் மேடையில் நடந்ததை மட்டும்தான் கேட்டீர்கள். இதை நானாகச் சொல்கிறேன். சாப்பாடு முடிந்ததும் அலமாரியிலிருந்து இந்தக் கயிற்றை எடுத்து வந்தேன். "லேசாக் கட்டினா ரத்த ஓட்டம் நல்லா வரும், இடக்கையையும் சேர்த்துக் கட்டுறேன்," என்றேன். அவள் சிரித்துக்கொண்டே திரும்பி உட்கார்ந்தாள். இடக்கையில் முதல் சுற்றுப் போட்டேன். அவள் அப்படியே அசையாமல் இருந்தாள். பிறகு இடக்கை விரல்களால் கயிற்றை உருட்டிப் பார்த்தாள். முடி வெட்டுகிறவளின் விரல்கள். ஒரு இழை தடிமன் மாறினாலும் சொல்லிவிடும்.

"இது அன்னிக்குப் போட்டது," என்றாள்.

"ஆமாம்."

"அப்போ மூங்கில் நழுவல."

நான் அடுத்த சுற்றுக்குக் கயிற்றை எடுத்தேன். அவள் எழுந்து, தோஃபு வாங்கி வருகிறேன் என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. வீட்டுச் செருப்பைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு, வெளிச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். நான் சூப்புக்குத் தண்ணீர் வைத்தேன். அது கொதித்து வற்றும்வரை, உங்கள் ஆட்கள் வந்து கதவைத் தட்டும்வரை, அடுப்பருகேதான் நின்றிருந்தேன்.

ஆமாம். அந்தக் கை போக வேண்டும் என்றுதான் இந்தக் கயிற்றை எடுத்தேன். அது திரும்பி வரத் தொடங்கியதும் இரண்டும் போக வேண்டும் என்று எடுத்தேன். இதில் குழப்பம் எதுவும் இல்லை.

புகாரில் அவள் இடக்கையால் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னீர்களே. இந்தத் தாளைப் பாருங்கள், எழுத்தெல்லாம் எப்படிக் கோணிப்போயிருக்கிறது. பாவம், எவ்வளவு சிரமப்பட்டிருப்பாள். என்னைக் கூப்பிட்டிருந்தால் கையைப் பிடித்து எழுத வைத்திருப்பேனே.